நான் முழுகாமல் இருந்த கதை

எனக்கு வயிற்று வலி வந்ததால் கண்ணாடி போட்டார்கள். நீங்கள் சரியாகத்தான் படித்தீர்கள். வலி தொப்புளுக்குக் கீழே, கண்ணாடி மூக்குக்கு மேலே. இந்த இரண்டுக்கும் முடிச்சுப் போட்டது என் வாய்தான். வேறு யார் மேலும் பழி போட எனக்கு வழியே இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன்.

இலுப்பூர் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் நான் தமிழாசிரியை. மாதம் ஒரு நாள், சில மாதம் இரண்டு நாள் விடுப்பு எடுப்பேன். எங்கள் தலைமையாசிரியர் நல்ல மனிதர், நெற்றி நிறையத் திருநீறு, யாரையும் அதட்டிப் பேசமாட்டார். அவரிடம் போய், "சார், எனக்கு மாதவிடாய், எழுந்து நிற்க முடியவில்லை" என்று எந்த வாயால் சொல்வது? அதனால் "கடுமையான தலைவலி காரணமாக" என்று எழுதிக் கொடுத்துவிடுவேன். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஒரு சந்திப்பிழை இருக்காது. பொய் மட்டும்தான் இருக்கும்.

இப்படியே வருடக்கணக்கில் ஓடியது. ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கண் பரிசோதனை முகாம் போட்டார்கள். சார் தேடி வந்து, "டீச்சர், நீங்களும் உக்காருங்க. மாசாமாசம் தலைவலி வருதுன்னா அது கண்ணாத்தான் இருக்கும்" என்றார். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடுவில் நானும் வரிசையில் நின்று, சுவரில் மாட்டியிருந்த எழுத்துகளைக் கடைசி வரி வரைக்கும் கடகடவென்று வாசித்துவிட்டேன். பரிசோதித்த பெண்ணுக்குச் சங்கடமாகிவிட்டது. சார் பக்கத்திலேயே நின்று, "கடுமையான தலைவலிங்க, பாவம்" என்று எனக்காக வாதாடிக்கொண்டிருந்தார். கடைசியில் இருக்கிறது என்றும் சொல்ல முடியாத, இல்லை என்றும் சொல்ல முடியாத ஒரு பவரை எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டேன். அடுத்த மாதமும் எனக்குத் தலைவலி வந்தபோது, "புதுக் கண்ணாடி பழகணும்ல" என்று சாரே எனக்குச் சமாதானம் சொன்னார்.

வகுப்பில் நான் இடக்கரடக்கல் நடத்துவேன். பலர் முன்னால் சொல்லக் கூசுகிற சொல்லை மறைத்து, வேறு சொல்லால் நாகரிகமாகச் சொல்வது. 'கால் கழுவி வந்தேன்' என்று எடுத்துக்காட்டு சொன்னால் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். இந்தப் பாடத்தை மட்டும் நான் குறிப்பே பார்க்காமல் நடத்துவேன். ஏன் பார்க்க வேண்டும்? என் பிழைப்பே அதுதானே.

வலி பதினாறு வயதில் தொடங்கியது. ஈரத்துணியைப் பிழிவார்களே, அப்படி. பிழிந்து, உதறி, மறுபடி பிழிவது. இடுப்பில் தொடங்கித் தொடை வழியாக இறங்கும். டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போது வந்தால், கம்பியைப் பிடித்த கை வேர்த்து வழுக்கும். வாந்தி வரும். அம்மா "சூடு" என்றார். எங்கள் ஜில்லாவில் இடுப்புக்குக் கீழே எது வலித்தாலும் அதற்குப் பெயர் சூடுதான். வெந்தயம், சப்ஜா விதை, இளநீர், தொப்புளில் விளக்கெண்ணெய். நான் முழுங்கிய வெந்தயத்தை விதைத்திருந்தால் ஒரு காணி தேறியிருக்கும். "கல்யாணம் ஆனா சரியாயிரும்" என்றார்கள். கல்யாணம் ஆனது, சரியாகவில்லை. "ஒரு பிள்ளை பொறந்தா சரியாயிரும்" என்றார்கள். அது பிறக்கவில்லை.

கல்யாணமாகி ஒன்பது வருடம். வீட்டுக்காரர் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை செய்கிறார். வருடத்துக்கு ஒரு மாதம் லீவில் வருவார். மற்ற பதினொரு மாதமும் வீட்டில் நானும் என் மாமியாரும், எட்டுக் கோழிகளும். அவரை நான் அத்தை என்பேன். அத்தை படித்தது இரண்டாம் வகுப்பு. காலையில் மாதா கோயில் மணி அடிக்கும்போது எழுந்து, மாதாவிடம் பேசுகிற மாதிரியே கோழிகளிடமும் பேசி, கொல்லையில் வெந்நீர் அடுப்பு மூட்டுவார். எங்கள் பக்கத்தில் தைல மரத்துச் சுள்ளிக்குப் பஞ்சமில்லை. மாதாமாதம் மூன்றாம் நாள் நான் தலைமுழுகுவதற்கு ஓர் அண்டா வெந்நீர் தயாராக இருக்கும். நான் சொல்லாமலே நாள் கணக்கு அவருக்குத் தெரியும்.

அத்தையிடமும் தலைவலி என்றுதான் சொல்லியிருந்தேன். பள்ளிக்கூடத்தில் ஒரு பொய், வீட்டில் ஒரு பொய் என்று இரண்டை ஞாபகம் வைத்துக்கொள்ள எனக்குச் சாமர்த்தியம் போதாது. "தூரமாகுறப்ப சில பேருக்குத் தலையை இடிக்கும்த்தா" என்று அவரே அதற்கு விளக்கமும் கொடுத்துவிட்டார். நான் சுருண்டு படுத்திருப்பேன். அவர் என் தலையைத் தூக்கி மடியில் வைத்து, நெற்றியில் தைலத்தைப் போட்டுத் தேய்ப்பார். கண்ணெல்லாம் எரியும். வயிறு அது பாட்டுக்குப் பிழிந்துகொண்டிருக்கும். அந்தக் கை கொஞ்சம் கீழே வந்து இடுப்பைப் பிடித்துவிடாதா என்று நான் ஏங்கிய ஏக்கம் எனக்குத்தான் தெரியும்.

ஏன் சொல்லவில்லை என்றால், பயம். ஒன்பது வருடமாகப் பிள்ளை இல்லாதவள், வயிற்றில் கோளாறு என்று வாயைத் திறந்தால் அவ்வளவுதான். கோளாறு என் பக்கம் என்று முடிவாகிவிடும். ஊர் சொல்லட்டும், அதைத் தாங்கிக்கொள்வேன். அத்தை ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அந்த மடி எனக்கு இல்லாமல் போய்விட்டால், நான் எங்கே போவேன்?

போன நவம்பரில் ஒரு நாள் காலை வழிபாடு. பிள்ளைகளுக்கு உறுதிமொழி சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவள், பாதியில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். உறுதிமொழியில் அதுவும் ஒரு பகுதி என்று நினைத்து முன்வரிசைப் பிள்ளைகள் நாலைந்து பேர் கூடவே உட்கார்ந்தார்கள். பக்கத்து வகுப்பு அறிவியல் டீச்சர்தான் ஓடி வந்து என்னைத் தூக்கினார். என் முகத்தைப் பார்த்தார், சேலையைப் பார்த்தார். சாரிடம் இரண்டு பேருக்கும் விடுப்புச் சொல்லிவிட்டு, என்னைப் புதுக்கோட்டைக்குப் பஸ் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனார்.

பெண் டாக்டர், என் வயதுதான் இருக்கும். "சொல்லுங்க, என்ன பண்ணுது?" என்றார்.

நான், "தலைவலி டாக்டர்" என்றேன்.

பழக்க தோஷம், வேறென்ன சொல்ல. டாக்டர் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை என் கையில் சுற்ற ஆரம்பித்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அறிவியல் டீச்சர், "அடிப்பாவி!" என்று போட்ட சத்தத்தில் வெளியே உட்கார்ந்திருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். அப்புறம் அவரே எல்லாவற்றையும் சொன்னார். நான் பேந்தப் பேந்த விழித்தபடி, கண்ணாடியைத் தூக்கித் தூக்கி விட்டுக்கொண்டிருந்தேன்.

ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் மருந்துச் சீட்டின் பின்பக்கம் ஒரு படம் போட்டார். கர்ப்பப்பையாம். எனக்குக் கத்திரிக்காய் மாதிரிதான் தெரிந்தது, ஆனால் எனக்குத்தான் கண் சரியில்லை என்று ஊரே ஒப்புக்கொண்டிருக்கிறதே. "இதுக்குப் பேரு எண்டோமெட்ரியோசிஸ். கர்ப்பப்பைக்கு உள்ள இருக்கிற சவ்வு மாதிரியே ஒண்ணு வெளியில அங்கங்க வளருது. மாசாமாசம் அதுவும் கசியும். வெளிய போக வழியில்லாம உள்ளயே நின்னு புண்ணாகும். ஒங்களுக்கு வலது பக்கம் சினைப்பையில ஒரு கட்டியும் இருக்கு. சாக்லேட் சிஸ்ட்னு சொல்லுவோம்" என்றார்.

"நான் சாக்லேட்டெல்லாம் அவ்வளவா சாப்பிடறதில்லையே டாக்டர். ஆசிரியர் தினத்துக்குப் பிள்ளைங்க குடுக்கிறது மட்டுந்தான்."

டாக்டர் சிரிக்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டார். உள்ளே தேங்கிய பழைய ரத்தத்தின் நிறத்தால் வந்த பெயராம் அது.

"இது அடியோட தீர்ந்துபோறதுக்கு மருந்து கிடையாது. ஆனா அடக்கி வைக்கலாம்" என்றார். அடக்குவதில் நான் பட்டம் வாங்கியவள் என்று அவருக்குத் தெரியாது. ஒவ்வொன்றாகச் சொன்னார். வலிக்கிற நாளுக்கு மட்டும் வலி மாத்திரை. அது எனக்குப் பத்தாது. தினமும் ஒன்று போடுகிற ஹார்மோன் மாத்திரை, அதைப் போட்டால் பெரும்பாலும் மாதவிடாயே நின்றுவிடும், அதனால் வலியும் அடங்கும். அதே வேலையைச் செய்கிற மாதிரி கர்ப்பப்பைக்குள் வைக்கிற சாதனம் ஒன்று. கொஞ்ச மாதத்துக்கு மாதவிடாய் முற்றிலும் நின்றுபோன வயதுக்காரி மாதிரி ஆக்கிவிடுகிற ஊசி ஒன்று. இல்லையென்றால் லேப்ராஸ்கோப்பி ஆபரேஷன், சின்னத் துளை போட்டுக் கட்டியை எடுப்பது. எடுக்கும்போது கருமுட்டைகளும் கொஞ்சம் வீணாகலாம், கட்டி திரும்ப வரவும் வரலாம். கர்ப்பப்பையையே எடுப்பது எல்லாவற்றுக்கும் கடைசி, எடுத்தாலும் சிலருக்கு வலி விடாது.

"ஒரு பிள்ளை பொறந்தா சரியாயிரும்னு சொல்றாங்களே டாக்டர்?"

"அது மருந்து இல்லம்மா. அது பிள்ளை" என்றார்.

அறிவியல் டீச்சர் அதை நோட்டில் எழுதிக்கொள்ளாத குறை. பிறகு டாக்டர் பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டார். "எதைப் பண்றதுங்கிறது ஒங்களுக்கு என்ன வேணும்ங்கிறதைப் பொறுத்தது. சீக்கிரமா குழந்தை வேணும்னா அதுக்கு ஒரு வழி போகணும். இப்ப வலி நிக்கணும்னா வேற வழி. ரெண்டுல எது மொதல்ல?"

பதினெட்டு வருடத்தில் என்னிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. யோசிக்கிறேன், வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு முன்னால் என் வாய் முந்திக்கொண்டது. "வலி நிக்கணும் டாக்டர்."

 திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, இப்படிக்கூட ஒருத்தி சுயநலமாக இருப்பாளா என்று என்னையே திட்டிக்கொண்டு வந்தேன். ஆனாலும் மடியில் இருந்த மாத்திரைப் பையை விடவில்லை. ஆறு மாதம் சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லியிருந்தார். அதற்குள் பிள்ளை எதிர்பார்க்க வேண்டாம், கவனமாக இருங்கள் என்றும் சொல்லியிருந்தார்.

டிசம்பர் தொடக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் பட்டுக்கொண்டே இருந்தது. அத்தை வழக்கம்போல வெந்நீர் வைத்தார். அதுதான் கடைசி அண்டா. கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்காரர் வந்தார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொன்னேன் என்றால், மாத்திரை அட்டையைக் கையில் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றேன். அவர் செல்போனில் தேடிப் படித்துவிட்டு, "எனக்கு இம்புட்டு நாளா தெரியாமப் போச்சே" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். டாக்டர் சொன்னபடி கவனமாகவே இருந்தோம். சிங்கப்பூருக்குத் திரும்பக் கிளம்பும்போது, "அம்மாகிட்ட சொல்லிரு. நான் சொன்னா சண்டைபோட்டுட்டுப் போற மாதிரி இருக்கும்" என்றார். "சொல்றேன்" என்றேன். ஜனவரி போயிற்று.

ஆனால் அந்த ஜனவரி! ஒரு நாள்கூட வலிக்கவில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தேன், வலிக்கவில்லை. பொங்கலுக்கு முந்தின நாள் வீடு முழுக்க ஒட்டடை அடித்தேன், வலிக்கவில்லை. கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சந்தோஷத்தில் அழுதேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், மாத்திரையின் பக்க விளைவாக வந்தது என்ன தெரியுமா? தலைவலி. நிஜமான, நெற்றிப் பொட்டில் அடிக்கிற தலைவலி. பதினோரு வருடமாக நான் விடுப்புக் கடிதத்தில் எழுதி எழுதி வரவழைத்தது வந்தே விட்டது. அப்போதும் லீவு போட்டேன். வாழ்க்கையில் முதல் முறையாக உண்மையான காரணம் எழுதிக் கொடுத்த கடிதம் அது.

கூடவே உடம்பும் கொஞ்சம் பூசின மாதிரி ஆகிவிட்டது. காலையில் இட்லியைப் பார்த்தால் குமட்டல். இதையெல்லாம் ஒருவர் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. அத்தை வெந்நீர் அடுப்பு முன்னால் உட்கார்ந்து சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்தார். "ஏத்தா, இங்கிட்டு வா. வெந்நி வச்சு ரெண்டு மாசமாச்சே. பச்சத் தண்ணியில ஊத்திக்கிறியா?" என்று கேட்டார்.

இதைவிட நல்ல சமயம் வராது. பஸ்ஸில் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததை மனதுக்குள் ஒரு தடவை ஓட்டினேன். மாத்திரை சாப்பிடுகிறேன், அதனால் மாதவிடாய் வரவில்லை. இவ்வளவுதான். சின்ன வாக்கியம். ஆனால் மாதவிடாய் என்ற அந்தச் சொல் குறுக்கே நின்றுகொண்டது. அதைச் சுற்றிக்கொண்டு போக வழி தேடினேன்.

"இல்லங்கத்தை. நான் இப்ப முழுகாம இருக்கேன். அது வந்து..."

அத்தையின் கையிலிருந்த சுள்ளி கீழே விழுந்தது.

முழுகாமல் இருக்கிறாள் என்றால் இந்தத் தமிழ்நாட்டில் ஒரே ஓர் அர்த்தம்தான். பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவருக்கும் தெரியும். கர்ப்பம் என்று சொல்லக் கூசி, மாதமுழுக்கு நின்றதைச் சொல்லி உணர்த்துவது. இடக்கரடக்கலுக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடையாது. இதை மறந்துபோன ஒரே ஆள், அந்தப் பாடத்தைக் குறிப்பே பார்க்காமல் நடத்துகிற நான்தான்.

"மாதாவே!" என்று அத்தை எழுந்து என்னைக் கட்டிக்கொண்டார். புகை நாற்றமும் வேர்வையுமாக அந்தச் சின்ன உடம்பு நடுங்கியது. அழுதார். ஒன்பது வருடத்தில் ஒரு முறைகூட என்னிடம் "ஏதும் விசேசமா?" என்று கேட்காத மனுஷி. கேட்கக் கூடாது என்று எவ்வளவு அடக்கி வைத்திருந்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அந்த நிமிடமே, "அத்தை, நான் சொன்னது அது இல்ல" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவும் செய்தேன். ஆனால் எப்படி? "அத்தை, அது இல்ல..." "எது இல்லத்தா?" "அதாங்க, அது..." "வெக்கப்படாத போ. மூணு மாசம் ஆகட்டும், ஊருக்குச் சொல்ல வேணாம்."

அப்புறம் பதினைந்து நாள் நான் வாயைத் திறக்கவில்லை. சாப்பிட மட்டும் திறந்தேன். ஆட்டு ஈரல், முருங்கைக்கீரைச் சாறு, எட்டுக் கோழியில் இரண்டு. தண்ணீர்க் குடத்தைத் தொடவிடவில்லை. கொல்லையில் காய்த்து நின்ற பப்பாளி மரத்தை ஆள் வைத்து வெட்டினார். எனக்குப் பப்பாளி பிடிக்கவே பிடிக்காது, இருந்தாலும் மரம் கண்ணெதிரே இருக்கக் கூடாதாம். தலைவலி என்று படுத்தால் தைலம் கிடையாது, வாடை ஆகாதாம். வெறுங்கையால் நெற்றியை அமுக்கிவிட்டார். அந்தத் தலைவலி நிஜம். அந்த மடியும் நிஜம். பொய் என்று இருந்தது நான் ஒருத்திதான். தினமும் இன்றைக்குச் சொல்லிவிடுவோம் என்று எழுவேன், ஈரலைப் பார்த்ததும் நாளைக்குச் சொல்லலாம் என்று உட்கார்ந்துவிடுவேன். இப்படி ஒரு கேடுகெட்டவளை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள்.

ஊருக்குச் சொல்ல வேண்டாம் என்றவர் கடவுளுக்குச் சொல்லாமல் இருப்பாரா? பதினைந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை தொடங்குமுன், சாமியாருக்கு உதவியாக இருக்கிற உபதேசியார், அன்றைய பூசையை யார் எதற்காக ஒப்புக்கொடுக்கிறார்கள் என்கிற பூசைக் கருத்துகளை மைக்கில் வாசிப்பார். இறந்தவர்கள், பிறந்தநாள்காரர்கள், பரீட்சை எழுதுகிறவர்கள் என்று வரிசையாகப் போய், எங்கள் வீட்டைச் சொல்லி, "மருமகள் தாய்மை அடைந்ததற்கு நன்றியாக" என்றார். பெண்கள் பக்கத்தில் அத்தனை தலையும் திரும்பியது. அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். எனக்குக் கோயில் தரை பிளந்தால் தேவலை என்று இருந்தது. சிமெண்டுத் தரை, அப்படியெல்லாம் பிளக்காது.

வீட்டுக்கு வந்ததும் அடுப்படிக்குப் போனேன். அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்தேன்.

"அத்தை, அது பிள்ளை இல்லங்கத்தை. நான் மாத்திரை சாப்பிட்டேன்."

கீரைத் தண்டு கையில் அப்படியே நின்றது. அவர் முகம் வெளுத்தது. "கலைச்சிட்டியா?" என்றார். 

கடவுளே! இந்த அடக்கி அடக்கிச் சொல்கிற புத்தி என்னைக் கொலைகாரி வரைக்கும் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. அதற்கு மேல் அடக்க என்னிடம் ஒன்றும் இல்லை. மருந்துச் சீட்டை எடுத்து வந்து, டாக்டர் போட்ட கத்திரிக்காயைத் தரையில் விரித்து வைத்து, வாயில் வந்த தமிழில் எல்லாவற்றையும் சொன்னேன். மாதவிடாய் என்று சொன்னேன். கர்ப்பப்பை என்று சொன்னேன். எங்கே ரத்தம் கசிகிறது, எங்கே தேங்குகிறது, எங்கே வலிக்கிறது என்று தொட்டுக் காட்டினேன். முழுகவில்லை என்றது மாத்திரையால் முழுக்கு நின்றதை என்று சொன்னேன். அந்த அடுப்படி அதுவரை கேட்டிராத சொற்கள். அத்தை சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எம்புட்டு நாளா?"

"பதினாறு வயசுலேருந்துங்கத்தை."

"இந்த வீட்டுக்கு வந்தும்?"

"ஆமாங்கத்தை. மாசாமாசம்."

"பிள்ளை?"

"டாக்டர் கேட்டாங்க. பிள்ளை மொதல்லயா, வலி நிக்கிறது மொதல்லயான்னு." கீரையைப் பார்த்துக்கொண்டு மீதியைச் சொன்னேன். "நான் வலி நிக்கணும்னு சொல்லிட்டேன் அத்தை. நீங்க என்னைய என்ன வேணாலும் சொல்லுங்க."

 அத்தை தன் வலது கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார்.

"ஒம்பது வருசமா நெத்தியில தேச்சுவிட்டேனேடி" என்றார்.

எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார். நான் அங்கேயே உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதேன். பாதி ஆய்ந்த கீரை அப்படியே கிடந்தது.

அந்த வாரம் முழுக்க அத்தை என்னிடம் பேசவில்லை. சோறு தட்டில் வந்தது, பேச்சு வரவில்லை. கோழிகளிடம் பேசினார். "உள்ளதை உள்ளபடி கத்துங்க, நீங்களாவது" என்று அவற்றுக்கு உபதேசம் செய்தது என் காதில் விழ வேண்டும் என்றுதான் என்பது எனக்குப் புரிந்தது. பிள்ளை போனதற்கான கோபமா, பொய் சொன்னதற்கான கோபமா, அது மட்டும் புரியவில்லை.  சிங்கப்பூருக்குப் போன் செய்து அழுதேன். "நானும் சொல்லிட்டேன். கேட்டுட்டு வச்சுட்டாங்க" என்றார் வீட்டுக்காரர். சனிக்கிழமை சாயங்காலம் அத்தை நல்ல சேலை கட்டிக்கொண்டு தனியாகக் கோயிலுக்குப் போய் வந்தார். எதற்கு என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

மறுநாள் பூசைக்கு அவர் முன்னால் நடக்க, நான் பின்னால் போனேன். போன வாரம் திரும்பிய தலைகள் இந்த வாரம் என் வயிற்றைப் பார்த்துச் சிரித்தன. உபதேசியார் வாசிக்கத் தொடங்கினார். எங்கள் வீட்டுப் பேர் மறுபடி வந்தது. ஒரு நொடி தடுமாறி, சீட்டைக் கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோய், "மருமகளுக்குத் தலைவலி நீங்கியதற்கு நன்றியாக" என்றார்.

அத்தை எழுந்து நின்றார்.

"உபதேசியாரே, தலைவலி இல்ல. நான் நேத்து அப்படிச் சொல்லலையே. மாசாமாசம் தூரமாகுறப்ப வர்ற வயித்து வலி. பதினெட்டு வருசமா தாங்கியிருக்கு எம் மருமக. இப்பத்தான் நின்னிருக்கு. போன வாரம் சொன்னது என் தப்பு, பிள்ளை இல்ல. இதுக்குத்தான் நன்றி. சரியா வாசிங்க."

சொல்லிவிட்டு, சேலையைச் சரிசெய்து உட்கார்ந்துகொண்டார்.  பீடத்துப் பக்கத்திலிருந்து சாமியார் எட்டிப் பார்த்தார். உபதேசியார் பாவம், இரண்டு தடவை செருமிவிட்டு, "மருமகளுக்கு... மாதாந்தர வயிற்று வலி நீங்கியதற்கு நன்றியாக" என்று திருத்தி வாசித்தார். நான் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தேன். துடைத்துக்கொண்டே இருந்தேன். ஒன்றும் சரியாகத் தெரியவில்லை.

பூசை முடிந்து வெளியே வந்தபோது, தெற்குத் தெருக்காரப் பெண் ஒருவர் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். அங்கிட்டும் இங்கிட்டும் பார்த்துவிட்டு, "எந்த டாக்டரு டீச்சர்? எம் மகளுக்கும் மாசாமாசம் இதே..." என்று தயங்கி, "தலைவலிதான்" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. டாக்டர் இருக்கிற தெருவைச் சொன்னேன்.

அத்தை செருப்பைப் போட்டுக்கொண்டு எனக்காக நின்றிருந்தார். ஒரு வாரத்துக்குப் பிறகு அவராகப் பேசினார். "பிள்ளையைப் பத்தி ரெண்டு பேரும் பொறவு டாக்டரைக் கேப்போம். மொதல்ல மாத்திரைய ஒழுங்கா முழுங்கு. அடுத்த தடவை போறப்ப நானும் வாரேன்."

"நீங்க எதுக்குங்கத்தை அலையிறீங்க? நானே போயிட்டு வந்துருவேன்."

"ஒன்னையத் தனியா அனுப்ப மாட்டேன். நீ அங்க போயும் தலைவலின்னு சொல்லுவ" என்றார்.

நான் ஏற்கெனவே சொல்லிவிட்டேன் என்பதை இன்று வரை அவரிடம் ஒப்புக்கொள்ளவில்லை.